மூன்றாம் குட்டையின் கரை

கரையின் வெளிச்சரிவில் மண்டியிட்டு, கசிந்து வந்த தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் நிறைவதற்குள் அருள் நிறைந்த மரியே ஜெபத்தை மூன்று முறை சொல்லி முடித்துவிட்டேன். காலையில் அதே இடத்தில் பிடித்தபோது ஆறு முறை சொல்ல நேரம் இருந்தது.

டம்ளரின் அடியில் என் அம்மாவின் பெயர் பொறித்திருக்கும். காலை எட்டு மணிக்குப் பிடித்த தண்ணீரில் அந்த எழுத்துகள் நன்றாகத் தெரிந்தன. பதினொன்றரைக்குத் தெரியவில்லை. தண்ணீர், பால் குறைத்துப் போட்ட டீ நிறத்தில் இருந்தது.

மண் கரை கசிவது புதிய விஷயமில்லை. கசியாத மண் கரையே கிடையாது. தெளிவாகக் கசிகிற வரை பயமில்லை. கலங்கலாகக் கசிந்தால், தண்ணீர் கரைக்குள் தனக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டது, போகிற வழியில் மண்ணையும் அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். மேலே நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. புல் அப்படியே இருக்கும். பிறகு திடீரென்று கரை உட்கார்ந்துவிடும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மூன்று நாட்களாக விடாத மழை. என் பின்னால் அந்தக் கரையைத் தாண்டி ஒரு குட்டை நிறையத் தண்ணீர். எனக்கு முன்னால் சரிவு, சரிவின் கீழே ரோஜாத் தோட்டங்கள், அதற்கும் கீழே ஊர் ஏரி.

இந்தத் தொடரில் இதுவரை பள்ளிக்கூடம், கல்லூரி, திருமணம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். குவாரியைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இந்த ஒரு நாள்தான்.

தண்ணி மேடம்

ஓசூருக்கும் கர்நாடக எல்லைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கல் குவாரி. ஊர்ப் பெயர் வேண்டாம். குவாரியின் அலுவலகத்தில் நின்றால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். நூறடி தள்ளி வேப்பமரத்தடிக்குப் போனால் கர்நாடகத்துக்கு வரவேற்று மெசேஜ் வரும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் வராது.

நான் படித்தது நிலவியல். பாறைகளைப் பற்றிப் படித்துவிட்டு வேலைக்கு வந்தவளுக்குக் கொடுத்த பொறுப்பு தண்ணீர். மழை பெய்தால் குவாரியில் விழுகிற தண்ணீர் எங்கே போகிறது, எதைக் கூட்டிக்கொண்டு போகிறது என்று பார்ப்பது. கல்லுக்கு மேலே இருந்த செம்மண்ணைத் தோண்டி ஒரு மேடாகக் கொட்டி வைத்திருப்பார்கள். பெருமழையில் அந்த மேடு கரையும். கல் உடைக்கிற கிரஷரிலிருந்து பறக்கிற தூள் எங்கும் படிந்து கிடக்கும். எம்-சாண்ட் என்கிற செயற்கை மணலைக் கழுவுகிற தண்ணீர் சிமெண்ட் கரைத்த மாதிரி சாம்பல் நிறத்தில் வரும். எல்லாம் சேர்ந்து ஓடினால் நேராக ஏரிக்குத்தான் போகும்.

அதைத் தடுக்க மூன்று குட்டைகள். முதல் குட்டையில் தண்ணீர் நின்று, மண் அடியில் தங்கி, மேல் தண்ணீர் இரண்டாவதுக்குப் போகும். அங்கேயும் தங்கிவிட்டு மூன்றாவதுக்கு. மூன்றாவதிலிருந்து தெளிந்த தண்ணீர், கரையில் மிகுதி நீர் வழிவதற்கு விட்டிருக்கிற கோடி வழியாக ஓடைக்குப் போக வேண்டும். காகிதத்தில் இவ்வளவு சுலபம்.

வேலை செய்கிறவர்கள் என்னை 'தண்ணி மேடம்' என்றார்கள். முதலில் கேலியாகத்தான். பிறகு அதுவே பெயராகிவிட்டது. மத்திகிரியில் வாடகை வீடு. என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மழைக்காலத்தில் ஓட்டில் முதல் துளி விழுகிற சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அவர் சிரிப்பார். "எல்லாரும் மழை வரலைன்னு கவலைப்படுவாங்க. நீ ஒருத்திதான் வருதுன்னு கவலைப்படற" என்பார்.

மேஜைமேல் ஒரு வாளி

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வருட மழைக்காலத்தில் முனிராஜ் என்பவர் என் அறைக்குள் வந்தார். கீழே ரோஜா வைத்திருக்கிற விவசாயி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதை என் மேஜைமேல், காகிதங்களுக்கு நடுவில் வைத்தார்.

"எங்க கெணத்துத் தண்ணி மேடம். குடிச்சிப் பாருங்க."

வாளியில் பாதிக்குமேல் சாம்பல் நிறச் சேறு.

"சொட்டு நீர்க் குழாய் எல்லாம் அடைச்சுப் போச்சு. செடி வேர்ல சிமெண்ட் பூசுன மாதிரி ஒக்காந்துக்கிச்சு. உங்க மேனேஜர் கிட்ட சொன்னா, அவரு உங்க கிட்ட சொல்லச் சொல்றாரு. நீங்க யாருகிட்ட சொல்வீங்க?"

அவர் சத்தம் போடவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மேனேஜரிடம் பேசினேன். இரண்டு முடிவுகள் எடுத்தோம். மூன்றாம் குட்டையின் கரையை உயர்த்தி, கோடியில் மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரை இன்னும் அதிக நாள் நிறுத்துவது ஒன்று. தண்ணீர் அதிகம் நின்றால் மண் அதிகம் தங்கும், ஏரிக்குத் தெளிந்த தண்ணீர் போகும். முதல் இரண்டு குட்டைகளிலும் ஒவ்வொரு கோடையிலும் தூர் வாருவது இன்னொன்று.

கரையை உயர்த்தினார்கள். தூர் வாரவில்லை. பொக்லைன் லோடு ஏற்றுவதில் இருந்தது. நான் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம் மேடம்" என்றார் மேனேஜர். கோடை முழுவதும் அடுத்த வாரமாகவே போனது. மழை வந்தபோது முதல் இரண்டு குட்டைகளும் சேற்றால் நிறைந்து, தண்ணீருக்கு இடமே இல்லாமல் இருந்தன. வந்த தண்ணீர் மொத்தமும் மூன்றாவதில் நின்றது. கரையை உயர்த்தச் சொன்ன தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

நான் எழுதாமல் விட்டது

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

குவாரிக் குழியின் அடியில் ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேரும். அதை இறைத்து மேலே அனுப்புகிற பம்ப்பைப் பார்த்துக்கொண்டவர் மாதையன். நாட்றாம்பாளையத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். அதற்கு முன்னால் பல வருடங்கள் பாறையில் துளை போடுகிற மெஷினில் இருந்தார். நல்ல வேலைக்காரர், அதிகம் பேசமாட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அவர் பேசாததற்குக் காரணம் எனக்கு ஒரு நாள் தெரிந்தது. பின்னாலிருந்து நான்கு முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும் சிரித்தார். சிரிக்கும்போதே அவர் கண் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தபோது நான்தான் பெயர் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அதற்கு முதல் நாள் மாதையன் அலுவலகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மேடம், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். எழுதிட்டா அனுப்பிடுவாங்க. பொண்ணு நர்சிங் படிக்குது. இன்னும் ரெண்டு வருசம்."

மறுநாள் டாக்டர் கேட்ட கேள்விகளை, அவர் முகம் பார்க்கிற மாதிரி பக்கத்தில் நின்று நானே திரும்பச் சொன்னேன். டாக்டருக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் சரளம், அதனால் நான் மொழிபெயர்ப்பதாக நினைத்துக்கொண்டார். செவித்திறன் சரி என்று எழுதினார். அன்று மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு எனக்கு இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இரண்டு பக்கம்

இனி டம்ளரோடு மண்டியிட்டிருந்த இடத்துக்கு வருகிறேன்.

மேனேஜர் பெங்களூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வேப்பமரம் வரை ஓடி ஓடி மூன்று முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. அன்று குவாரியில் இருந்தது ஆறே பேர். பொக்லைன் ஓட்டுகிற சலீம் பாய், வாட்ச்மேன், பம்ப்புக்காக இறங்கியிருந்த மூன்று பேர், நான்.

சலீம் பாய் கிருஷ்ணகிரிக்காரர். இருபது வருடமாக மண்ணை அள்ளுகிறவர். டம்ளரைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். விரலால் தொட்டுத் தேய்த்தார்.

"உள்ள மண்ணு நகருது மேடம்."

"கோடி மூட்டையை எடுத்துட்டா?"

"கசியறதே கோடி பக்கத்துலதான். அங்க தண்ணியத் திறந்து விட்டா கரையை அறுத்துக்கிட்டுப் போயிடும். கீழ ஒண்ணும் மிஞ்சாது."

பிறகு அவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். குட்டையின் இன்னொரு கரைக்கு அப்பால் குவாரிக் குழி. பத்து மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கிவிடலாம், அவ்வளவு ஆழம். அந்தப் பக்கம் கரையை வெட்டினால் தண்ணீர் முழுதும் குழிக்குள் போகும். கீழே பம்ப், கம்ப்ரஸர், துளை போடுகிற மெஷின், எல்லாம் மூழ்கும். குவாரி மாதக்கணக்கில் நிற்கும். ஆனால் ரோஜாத் தோட்டத்துக்கும் ஊருக்கும் ஒன்றும் ஆகாது.

"வெட்டிடலாம் பாய்."

"மேனேஜரு?"

"நான் சொல்றேன். நான் எழுதிக் குடுக்கறேன்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "எழுத்தெல்லாம் அப்புறம். மொதல்ல கீழ இருக்கறவங்க மேல வரட்டும்" என்று பொக்லைனை நோக்கி நடந்தார்.

மறுபடியும் வேப்பமரத்தடிக்கு ஓடி முனிராஜுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். தோட்டத்தில் பூப்பறிக்க எத்தனை பேர் என்று கேட்டேன். பதினாறு பெண்கள் என்றார்.

"அவங்களைக் கூட்டிட்டு மேட்டுக்குப் போயிடுங்க. உடனே. எங்க கரை தாங்குமான்னு தெரியல."

"வாளி கொண்டாந்து வெச்சனே மேடம்" என்றார். அவ்வளவுதான். பிறகு அவர் தெலுங்கில் யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. போன் நின்றது.

சைரன்

வெடி வைக்கும் முன் எல்லோரும் மேலே வருவதற்கு ஒரு சைரன் உண்டு. வாட்ச்மேன் அதைப் போட்டார். மழைச் சத்தத்தையும் மீறி எல்லையைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

குழியின் பாதையில் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். மூன்றாவது ஆள் வரவில்லை.

"மாதையன் எங்க?"

"பின்னாடியே வர்றாருன்னு நெனச்சோம் மேடம். பம்ப்புகிட்ட இருந்தாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைரன் இன்னும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அது அவருக்கு இல்லாத சத்தம். அந்த விஷயம் அந்த இடத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

சலீம் பாய் பொக்லைனைக் குழிப் பக்கக் கரையில் நிறுத்தி, அதன் கையை இறக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் பக்கத்தில் போய்க் கத்தினேன்.

"மாதையனுக்குக் காது கேக்காது பாய். நான் எறங்கறேன். அந்தப் பக்கம் கரை மேல விரிசல் விட்டா எனக்காகக் காத்திருக்காதீங்க. வெட்டிடுங்க."

"அதெல்லாம் சொல்லாதீங்க. போய்ட்டு வாங்க."

"பாய், கீழ பதினாறு பேரு."

"எனக்கு எண்ணத் தெரியும் மேடம். சீக்கிரம் வாங்க."

அவர் வெட்டமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் என்னை ஓட வைத்தது.

குழிக்குள்

லாரிகள் இறங்குகிற பாதை அது. வழக்கமாகப் புழுதி. அன்று ஓடையாகியிருந்தது. பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து ஒவ்வொரு அடியும் கனத்தது. பாறைச் சுவர்களில் எங்கு பார்த்தாலும் சிறு அருவிகள். சைரனை யாரோ நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு என் மூச்சுச் சத்தம் மட்டும்.

ஒவ்வொரு வளைவிலும் திரும்பி மேலே பார்த்தேன். பொக்லைனின் மஞ்சள் கை அசையாமல் நின்றது. அது அசைந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உடனே அந்தப் பதினாறு பேரின் நினைவு வரும். அசையட்டும் என்று தோன்றும். இரண்டையும் ஒரே மனதால் வேண்டினேன். எந்த வேண்டுதல் போய்ச் சேர்ந்திருக்குமோ தெரியாது.

கடைசித் திருப்பத்தில் அவரைப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பம்ப்பை மிதவை டிரம்களோடு கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறுகிறதே, பம்ப் முழுகிவிடக் கூடாதே என்று. அது அவர் பொறுப்பு. அவர் வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

கத்திப் பயனில்லை. இறங்கிப் போய் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சைரன் போட்டாச்சு" என்றேன், உதடு தெளிவாக அசைகிற மாதிரி. "குட்டையை இங்க வெட்டி விடப் போறோம். வாங்க."

"ஒரு முடிச்சு மேடம். இதைப் போட்டுட்டு—"

"வேண்டாம்ணா."

கையைப் பிடித்து இழுத்தேன். அவரை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கயிற்றை விட்டார்.

ஏறும்போது அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். பாதி வழியில் என் கால் வழுக்கி முட்டி பாறையில் மோதியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சைரன் போட்டும் தனக்குக் கேட்கவில்லை என்பதை அவர் நினைத்துக்கொண்டு வருகிறார் என்பது எனக்குப் புரிந்தது. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

மேல் விளிம்பில் எங்கள் தலை தெரிந்ததும் பொக்லைன் கை அசைந்தது.

முதல் வெட்டில் ஒரு மெல்லிய ஓட்டம். மூன்றாவது வெட்டில் தண்ணீர் தானே வழியை அகலப்படுத்திக்கொண்டது. சாம்பலும் சிவப்புமாக ஒரு பெருக்கு விளிம்பைத் தாண்டிக் குழிக்குள் விழுந்தது. அது அடியைத் தொடுகிற சத்தம் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. மாதையன் அந்த அதிர்வைத்தான் உணர்ந்திருக்க வேண்டும். குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

குட்டையின் மட்டம் இறங்க இறங்க, நான் ஏரிப் பக்கத்துச் சரிவுக்குப் போய் நின்றுகொண்டேன். மூன்று மணிக்குக் கசிவு மெலிந்தது. நாலு மணிக்கு நின்றது.

மறுநாள் காலை வந்து பார்த்தபோது, கோடிக்குப் பக்கத்தில் நான் மண்டியிட்டிருந்த இடமே இல்லை. ஒரு லாரி நுழைகிற அகலத்துக்குக் கரை சரிந்து கிடந்தது. குட்டையில் அப்போது தண்ணீர் இல்லை. சலீம் பாய் அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அந்த ஒரு வரி

குவாரி மூன்று மாதம் நின்றது. நடந்ததை நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தூர் வாராதது, கரையை உயர்த்தியது, யார் சொல்லி வெட்டினோம், எல்லாவற்றையும் எழுதினேன். சைரன் போட்டும் ஒரு தொழிலாளி வராததற்குக் காரணம் அவருடைய செவித்திறன் குறைவு, அது எனக்கு முன்பே தெரியும், நான் மறைத்தேன் என்றும் எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டு, "அந்த ஒரு வரி எதுக்கு மேடம்? யாரும் கேக்கலியே" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

இரண்டு நாள் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். எடுத்துவிட்டால் மாதையன் மறுபடியும் குழிக்குள் இறங்குவார். இன்னொரு சைரன் வரும். அன்று நான் லீவில் இருக்கலாம். அந்த வரியை எடுக்காமல் கொடுத்தேன்.

என்னை வேலையை விட்டு எடுக்கவில்லை. கண்டித்து ஒரு கடிதம் கொடுத்தார்கள், அதோடு சரி. மாதையனை உடல் தகுதி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மேலே வாட்ச்மேன் வேலையாவது கொடுங்கள் என்று கேட்டேன். காது கேட்காத வாட்ச்மேனா என்றார்கள்.

அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் குட்டைகளில் தூர் வாரினார்கள். ஏரித் தண்ணீர் தெளிந்தது. முனிராஜ் நன்றி சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் இலையில் தூசி படிகிறது என்று ஒரு ரோஜாக் கொத்தோடு வந்து மேஜைமேல் வைத்தார்.

நாட்றாம்பாளையம்

ஒன்றரை வருடம் கழித்துத்தான் மாதையனைப் பார்க்கப் போக எனக்குத் துணிவு வந்தது. அஞ்செட்டி தாண்டி, மலைப்பாதையில் பஸ் ஊர்ந்து போனது. வீடு காட்டை ஒட்டி இருந்தது. ராகி கதிர் பிடித்திருந்தது.

மாதையன் வயலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்தார். மகள் படிப்பை முடித்து சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொன்னார். காதுக்கு மெஷின் வாங்கி அனுப்பியிருக்கிறாளாம். காற்றடித்தால் அதில் கொய்யென்று சத்தம் வருகிறது, சட்டைப் பையில் வைத்திருக்கிறேன் என்று எடுத்துக் காட்டினார்.

வயலின் ஓரத்தில் ஒரு பரண் தெரிந்தது. யானை வருகிற இடம் அது. ராகி விளைந்தால் காவல் இருந்தே ஆக வேண்டும். காது கேட்காதவர் என்று ஒரு குழியிலிருந்து இவரை வெளியே அனுப்பினேன். வந்து சேர்ந்த இடத்தில் காதுதான் உயிர்.

அவர் மனைவி கெம்பம்மா என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டார்.

"நானும் கூடத்தான் இருக்கேன் மேடம், பரண் மேல. காட்டுப் பக்கம் சத்தம் கேட்டா அவரு கையை ஒரு தடவ அமுத்துவேன். கிட்ட வந்துடுச்சுன்னா ரெண்டு தடவ. அவரு பட்டாசு கொளுத்துவாரு."

"தூக்கம்?"

"பகல்ல தூங்கறதுதான். அறுப்பு முடியற வரைக்கும்."

நான் எழுதியதால்தான் இப்படி ஆனது, அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். மாதையன் என் உதட்டைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார். பதில் சொன்னது கெம்பம்மாதான்.

"எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு மேடம். இப்பவும் கொஞ்சம் இருக்கு. அவரு சொன்னாரு, நீங்கதான் கீழ எறங்கி வந்தீங்கன்னு. அதையும் நெனச்சுக்குவேன். ரெண்டும் இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். களி கிண்டியிருந்த பாத்திரத்தின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.

"கடைசி பஸ்ஸு மூணு மணிக்கு" என்றார் உள்ளேயிருந்து. "சாப்பிட்டுட்டுப் போங்க."

மாதையன் கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் உட்கார்ந்தேன்.